கதான்ஸ்க்: எழுதும்போதும் சுற்றும்போதும் சறுக்கும் இடங்கள்

போலந்தின் துறைமுக நகரமான கதான்ஸ்க்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சறுக்குவது 'பழைய நகரம்' என்ற சொல்லில். நெப்டியூன் நீரூற்று, துவுகா தெரு, கலர் கலரான ஒடுங்கிய வீடுகள் எல்லாம் இருப்பது 'க்வூவ்னே மியாஸ்தோ', அதாவது முதன்மை நகரம். பழைய நகரமான 'ஸ்தாரே மியாஸ்தோ' அதற்கு வடக்கே தனிப் பகுதி. 14ஆம் நூற்றாண்டின் பெரிய மாவு ஆலை அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, அந்த வீடுகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்பதாக நம்புவது. 1945 மார்ச் சண்டையிலும் தீயிலும் இந்தப் பகுதி கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது. இன்று பார்ப்பதில் பெரும்பகுதி போருக்குப் பிறகு கட்டியது. அதுவும் 1939இல் இருந்தபடி அல்ல. 1793க்குப் பிந்தைய பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் ஆட்சிச் சாயலை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய டச்சு, ஃபிளெமிஷ் பாணி முகப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள். சந்து வழியாகப் பின்பக்கம் போனால் விஷயம் விளங்கிவிடும்: அலங்காரமில்லாத சுவர், வரிசை ஜன்னல், சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு, நடுவே மரமும் புல்லும். ஒரு காலத்தில் அங்கே நெருக்கியடித்து நின்ற பின்கட்டுகளை யாரும் திரும்பக் கட்டவில்லை. இதனால் மொத்தத்தையும் 'போலி' என்று தள்ளுவதும் சரியில்லை. இடிபாட்டில் மீட்ட கல்வேலைப்பாடுகள் பல இடங்களில் திரும்பப் பொருத்தப்பட்டிருக்கின்றன.

மோத்வாவா ஆற்றங்கரையில் நிற்கும் 'ஜுராவ்' பாரந்தூக்கியைச் சிலர் நீராலை என்று எண்ணுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் இந்தப் பாரந்தூக்கி தண்ணீரின் விசையால் இயங்கியதே இல்லை. உள்ளே இருக்கும் பெரிய மரச் சக்கரங்களுக்குள் ஆட்கள் செக்குமாடு மாதிரி நடந்து நடந்து கயிற்றைச் சுற்றினார்கள். சரக்கு ஏற்றுவதோடு கப்பலுக்குப் பாய்மரம் நிறுத்தவும் அது பயன்பட்டது. ஊருக்குள் நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று.

பெரிய குழப்பம் 'இது யாருடைய ஊர்' என்பதில். 1454இல், அதுவரை தன்னை ஆண்ட ஜெர்மானிய மதப் படையமைப்பான டியூட்டானிக் வீரர்களை எதிர்த்து எழுந்து, தானாகவே போலந்து மன்னரின் கீழ் வந்த ஊர் இது. ஆனால் வணிகர்களில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மன். வெப்பமானியால் பெயர் பெற்ற ஃபாரன்ஹீட் 1686இல் இங்கே பிறந்தபோதும் நிலைமை அதுதான். அவரை ஒரே நாட்டின் கணக்கில் எழுதினால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

1939இல் ஹிட்லர் தாக்கியபோது இந்த ஊர் போலந்துக்குள் இருந்தது என்பதும் பிழை. 1920 முதல் அது சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பாதுகாப்பில் இருந்த தனி நகர நாடு. 1923 முதல் குல்டன் என்ற சொந்த நாணயமும் உண்டு. சுங்கத்தில் போலந்தோடு இணைந்திருந்தது, போலந்துக்கு அங்கே தபால் நிலையமும் வெஸ்டர்பிளாட்டேயில் ராணுவக் கிடங்கும் இருந்தன. நல்லெண்ணப் பயணம் என்று வந்து நின்ற ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்தான் செப்டம்பர் 1 அதிகாலையில் அந்தக் கிடங்கைச் சுட்டது. உள்ளே இருந்த சுமார் 200 போலந்துக்காரர்கள் ஏழு நாள் தாக்குப்பிடித்தார்கள். இந்தத் துறைமுகம் முழுதாகத் தன் கையில் இல்லை என்பதால்தான் போலந்து 1920களில் பக்கத்திலேயே க்தீனியாவைக் கட்டியது. இரண்டும் ஒன்றல்ல.

இங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் நடந்த 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தின் கதையை, அதன் தலைவர் லெக் வலேசாவிலிருந்து தொடங்குவதும் பழகிப்போன தவறு. பத்தாண்டு முன்னால், 1970 டிசம்பரில், விலை உயர்வை எதிர்த்த தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். கப்பல் தளத்தின் வாசலில் நிற்கும் மூன்று சிலுவைகள் அவர்களுக்காக. 1980இல் தீயைப் பற்றவைத்தது அன்னா வாலென்தினோவிச் என்ற பெண்ணின் வேலைநீக்கம். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த அவர், அதே தளத்தில் கிரேன் ஓட்டியவர். சம்பளப் போராட்டம் என்று சுருக்குவதும் பொருந்தாது. ஆகஸ்ட் 16 அன்று சம்பள உயர்வுக்கு நிர்வாகம் ஒத்துக்கொண்டதும் பலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மற்ற ஆலைகளைக் கைவிடக் கூடாது என்று வாசலில் நின்று தடுத்தவர்களில் வாலென்தினோவிச்சும் ஒருவர். அதற்குப் பிறகு ஒட்டுப்பலகையில் எழுதித் தொங்கவிட்ட 21 கோரிக்கைகளில் முதலாவது சுதந்திரத் தொழிற்சங்கம், கடைசி சனிக்கிழமை விடுமுறை.