பழைய பைக்குக்கு ஒரிஜினல் பாகம் தேடுவது எப்படி? முதலில் எண்ணைப் பிடியுங்கள்

ஒரு ஹோண்டா சி.பி.350-ஐப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு இதை எழுதுகிறேன். 1968 முதல் 1973 வரை வந்த இரட்டை சிலிண்டர் வண்டி. பெயரில்தான் 350, எஞ்சின் 325 சிசி. உங்களுடையது வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும் தேடும் முறை பெரும்பாலும் இதுதான். கழற்றும்போதே படம் எடுப்பது, நட்டு போல்ட்டைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகத் தேடலுக்கு வருகிறேன்.

படி 1: வண்டி எதுவென்று முடிவுசெய்யுங்கள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பிப் பாகம் வாங்காதீர்கள். அது வண்டி விற்ற ஆண்டாகவும் இருக்கலாம். ஃபிரேமில் அடித்த எண்ணையும் எஞ்சினில் அடித்த எண்ணையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1969 மாடலிலிருந்து டிரையம்ப், பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி வண்டிகளில் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது மாடல் ஆண்டு. ஃபிரேமும் எஞ்சினும் வேறு வேறு காலத்தைக் காட்டினால் நடுவில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். அதற்காகத் தலையில் கைவைக்க வேண்டாம். எஞ்சின் பாகங்களை எஞ்சின் எண்ணை வைத்தும், மற்றதை ஃபிரேம் எண்ணை வைத்தும் வாங்கினால் சரி.

படி 2: பாகப் பட்டியல்

சர்வீஸ் மேனுவலைச் சொல்லவில்லை. கம்பெனி டீலர்களுக்குக் கொடுத்த பாகப் பட்டியல் தனிப் புத்தகம். விற்பனைத் தளங்களில் வரும் படங்களைவிட அச்சுப் பட்டியலின் ஸ்கேன் பிரதிதான் எனக்குப் பிடிக்கும். ‘இந்த ஃபிரேம் எண் வரை இது, அதற்குப் பிறகு அது’ என்ற குறிப்பு அதில்தான் ஒழுங்காக இருக்கும்.

படி 3: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அந்தக் கால ஹோண்டா எண்ணில் மூன்று துண்டுகள் உண்டு: ஐந்து இலக்கம், மூன்று இலக்கம், மறுபடி மூன்று இலக்கம். முதல் ஐந்து, பாகம் என்ன என்று சொல்லும். 12251 என்றால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட், 13101 என்றால் ஸ்டாண்டர்ட் அளவு பிஸ்டன். எந்த மாடலாக இருந்தாலும் இது மாறாது. நடுவில் இருப்பது மாடல் குறியீடு: சி.பி.350-க்கு 286, சி.பி.750-க்கு 300, சி.பி.400 ஃபோருக்கு 377. கடைசித் துண்டு திருத்தத்தையும், பெயின்ட் அடித்த பாகமானால் நிறத்தையும் காட்டும்.

குழப்பம் நடுத் துண்டில்தான் வரும். சி.பி.350 பட்டியலைப் புரட்டினால் 286 இல்லாத எண்கள் ஏராளம். ‘இது நம்ம வண்டிப் பாகமே இல்லையே’ என்று தோன்றும். ஆனால் அந்தக் குறியீடு, பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டதோ அதனுடையது. பின்னால் வந்த வண்டி அதையே எடுத்துப் பயன்படுத்தினால் எண் மாறாது. இதில் நமக்கு லாபம் உண்டு. உங்களுக்கு வேண்டிய பாகத்தை வேறொரு மாடலின் பெயரில் யாரோ விற்றுக்கொண்டிருப்பார்கள். வண்டிப் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்கள் கண்ணில் அது படவே படாது. அதனால் தேடும் பெட்டியில் எண்ணை மட்டும் போடுங்கள். இடையில் கோடு வைத்து ஒரு தடவை, கோடு இல்லாமல் ஒரு தடவை.

அடுத்தது மாற்று எண். பழைய எண்ணை நிறுத்திவிட்டு அதே பாகத்துக்குப் புது எண் கொடுப்பார்கள். பெரும்பாலும் கடைசி மூன்று இலக்கம் மட்டும் மாறும். சில சமயம் நடுத் துண்டும் மாறிவிடும். டீலரின் கணினி ‘கிடையாது’ என்று சொன்னால் கிளம்பிவிடாதீர்கள், மாற்று எண் உண்டா என்று கேளுங்கள். புது எண்ணில் வரும் பாகம் பொருந்தும், ஆனால் தோற்றம் அப்படியே இருக்கும் என்று உறுதியில்லை. கண்ணுக்குத் தெரியும் பாகமானால் இரண்டு எண்ணிலும் தேடிப் பார்ப்பது நல்லது.

90-க்கு மேல் தொடங்கும் எண்களில் பலவற்றுக்கு மாடல் குறியீடே கிடையாது. 96100-62030 என்று இருந்தால் இரண்டாவது துண்டிலேயே விடை இருக்கிறது: அது 6203 பேரிங். உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிமன் 12. நல்ல பேரிங் கம்பெனி எதுவாக இருந்தாலும் 6203 இதே அளவில்தான் வரும். உள்ளே குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே விட்ட இடைவெளியைக் காட்டும் குறி, உதாரணமாக சி3, பழைய பேரிங்கில் இருந்தால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

படி 4: எது ஒரிஜினலாக இருக்க வேண்டும்?

எல்லாம் ஒரிஜினலாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. பேரிங், ஆயில் சீல், செயின், பிரேக் லைனிங், டயர் எல்லாம் புதிதாக, நல்ல கம்பெனியில் வாங்குங்கள். குறிப்பாக ரப்பர். ஐம்பது வருடம் பெட்டி பிரிக்காமல் இருந்த சீல் என்றால் ஐம்பது வயதான சீல்தான். ரப்பர் பெட்டிக்குள்ளேயும் இறுகும். பழைய இருப்பு டயரைக் காட்சிக்குத் தவிர எதற்கும் மாட்டாதீர்கள்.

ஒரிஜினலுக்காகக் காத்திருக்க வேண்டியவை: கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட், கியர்கள், மீட்டர், ஸ்விட்ச், டேங்க், மட்கார்டு, சைலன்சர். கார்புரேட்டர் ரிப்பேர் கிட்டில் வரும் பித்தளை ஜெட்டையும் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகம்) ஊசியையும் நான் போடுவதில்லை. அளவு எண் ஒன்றாக இருக்கும், துளை ஒன்றாக இருக்காது. கிட்டிலிருந்து கேஸ்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டுவேன்.

படி 5: விற்பவரிடம் கேட்பது

பளபளவென்ற படம் ஒன்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். பின்பக்கப் படம், அளவுகோல் பக்கத்தில் வைத்த படம், அடித்த எண்ணின் படம், தேயும் பரப்பின் படம் இவற்றைக் கேளுங்கள். கேம்ஷாஃப்ட் என்றால் லோபின் (வால்வைத் தள்ளும் மேடு) முனை, கியர் என்றால் பல்லைவிட முக்கியமாக அதன் பக்கவாட்டுக் கொக்கிகளின் ஓரம். சி.பி.350-இல் கேம்ஷாஃப்ட் தனி பேரிங் இல்லாமல் நேரே அலுமினிய மூடிகளில் சுழல்கிறது. ஆகவே கேம் வாங்கும்போது மூடிகளையும் சேர்த்தே பாருங்கள்.

பெட்டியில் கம்பெனி லேபிள் இருப்பது மட்டும் சான்றாகாது. பெட்டி பழையதாகவும் உள்ளே இருப்பது நகலாகவும் இருக்கலாம். நீங்கள் கழற்றிய பாகத்தின் வார்ப்புக் குறிகளோடு ஒப்பிடுங்கள். அதனால்தான் புதுப் பாகம் வந்து பொருந்தும் வரை பழையதைத் தூக்கிப் போடக் கூடாது.

பத்துப் பாகத்துக்கு மேல் தேவைப்பட்டால் தனித்தனியாகத் தேடுவதைவிட, ஓடாத இன்னொரு வண்டியை முழுதாக வாங்கிவிடுவது பல நேரங்களில் மலிவு. பட்டியலில் எழுதவே தோன்றாத கிளிப், வாஷர், பிராக்கெட் எல்லாம் அதோடு வந்துவிடும். ஆவணம் சரியில்லாத வண்டியாக மட்டும் இருக்கக் கூடாது.

கருவிகள்

ஸ்டீல் வெர்னியர், மரை அளக்கும் பிட்ச் கேஜ், ஜப்பான் வண்டியானால் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) ஸ்குரூடிரைவர். டிஜிட்டல் வெர்னியர் வேண்டாம் என்பேன்; வேலை நடுவில் பேட்டரி தீரும். சாதாரண நட்சத்திர ஸ்குரூடிரைவர் ஜே.ஐ.எஸ். தலையில் சரியாக உட்காராமல் வழுக்கி, தலையையே மழுக்கிவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் தனியாக வேண்டும்.

பிற்சேர்க்கை 1

‘5 மி.மீ. ஸ்குரூ சரியாகத்தான் வாங்கினேன், இரண்டு சுற்றில் இறுகிவிடுகிறது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய ஜப்பான் வண்டிகளில் பழைய ஜே.ஐ.எஸ். மரை உண்டு. அதில் 5 மி.மீ. ஸ்குரூவின் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 0.9 மி.மீ.; இன்று கடையில் கிடைப்பது 0.8. 3, 4 மி.மீ. ஸ்குரூக்களிலும் இதே சிக்கல். 6, 8 மி.மீ.யில் பயமில்லை. இறுகினால் ஸ்பேனர் போட்டுத் திருகாதீர்கள், அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும். பிட்ச் கேஜ் இதற்காகத்தான்.

பிற்சேர்க்கை 2

ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாக வெட்டி மாட்டும் பெரிய பிஸ்டன் பற்றிப் பலர் கேட்டார்கள். ஹோண்டாவில் 13102 என்றால் 0.25 மி.மீ. பெரியது, 13103 என்றால் 0.50. சிலிண்டரை அளந்து எந்த அளவு தேவை என்று முடிவுசெய்யுங்கள், ஆனால் உடனே போரிங்குக்கு (சிலிண்டரை வெட்ட) கொடுத்துவிடாதீர்கள். முதலில் அந்த அளவில் பிஸ்டனும் ரிங்கும் கைக்கு வரட்டும். 0.25 கிடைக்காமல் 0.50 மட்டும் கிடைத்தால் சிலிண்டரை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய பிறகு பிஸ்டன் தேடினால் அந்த வழி இருக்காது.