பலர் தொடும் கணினியில் ஆட்டோ லாகின் ஒரே கணக்குக்குப் போதும்

கடையிலோ வீட்டிலோ ஒரே கணினியை நாலு பேர் பயன்படுத்தினால், பில் போடுவதற்கென்று அட்மின் உரிமை (கணினியின் அமைப்புகளை மாற்றும் உரிமை) இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதற்கு மட்டும் ஆட்டோ லாகின், அதாவது பாஸ்வேர்ட் கேட்காமல் தானாக உள்ளே போகும் வசதி, கொடுங்கள். விண்டோஸ் கீயோடு 'ஆர்' அழுத்தி என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்று சேர்த்து அடித்தால் கணக்குகளின் பட்டியல் வரும். அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள டிக்கை எடுத்துவிட்டு, அதன் பாஸ்வேர்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது. டிக் கட்டமே இல்லையா? செட்டிங்ஸில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ (முகம், கைரேகை அல்லது பின் எண்ணால் உள்ளே போகும் வசதி) மட்டும் போதும் என்பதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் ஒரு கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் நினைவில் வைத்து, கணினி ஆன் ஆகும்போது அதற்குள் போய்விடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் நாளில், குலசேகரத்து ரப்பர் ஷீட் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டாம். மற்றவர்கள் விண்டோஸ் கீயோடு 'எல்' அழுத்தி, தங்கள் பெயரைத் தொட்டுத் தங்கள் பாஸ்வேர்டோடு உள்ளே போகலாம். அவர்கள் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கட்டாயம் இருக்கட்டும்.

அட்மின் கணக்குக்கு மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். வெளியே தூக்கிப் போகும் லேப்டாப்புக்கும், வாடிக்கையாளரின் ஆதார் நகல் கிடக்கும் கணினிக்கும் இது ஆகாது.