ஷாங்காய்க்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பத்துக்கு: முதலில் பெயர், அப்புறம் பயணம்

ஷாங்காயில் எங்களுக்கு இது மூன்றாவது குளிர்காலம். இங்கே வேலை கிடைத்து வருகிறவர்கள் முதலில் கேட்பது உளுந்து கிடைக்குமா என்றுதான். கிடைக்கும், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் பெயரைக் கவனியுங்கள்.

நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இல்லையென்றால் அப்பா பெயரும் தன் பெயரும் சேர்ந்து ரயில் மாதிரி நீளும். சீனப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகளில் முடிந்துவிடும். சிம் கார்டு கொடுத்த பெண் என் கணவரின் அப்பா பெயரை முதலில் தட்டினார். வங்கியிலோ தன் பெயரை முதலில் போட்டு, நடுவில் இடைவெளியே விடவில்லை. இரண்டும் பொருந்தாததால் கைப்பேசியில் வங்கிக் கணக்கு இணையவே இல்லை. மூன்று முறை வங்கிக்கு நடந்தோம். ஆகவே பெயரை ஒரே வடிவத்தில், பெரிய எழுத்தில், இடைவெளியோடு ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவுண்ட்டரிலும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

இங்கே கைப்பேசி எண், பாஸ்போர்ட் எண், பெயர் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காய்கறி வாங்குவதிலிருந்து ரயில் டிக்கெட் வரை எல்லாம் அந்த முடிச்சில்தான் தொங்குகிறது. கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலிகளான வீசாட்டும் அலிபேயும் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. வங்கிக் கணக்கு திறக்கும்வரை இந்திய அட்டையை இணைத்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் நேரடியாகத் திறக்காது. வீசாட்டில் பேசவும் முடியும், ஆனால் இந்தியாவில் 2020இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். ஊரில் இருக்கும் பெற்றோரோடு எதில் பேசுவது என்று கிளம்பும் முன்பே பார்த்து, அவர்களைப் பழக்கிவிட்டு வாருங்கள். இங்கே நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும், பேரப்பிள்ளை தூங்கப் போகும்போது அங்கே சாயங்கால டிபன் நேரம்.

வாடகை வீட்டில் குடியேறினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். இதை விட்டால் 2000 யுவான் வரை அபராதம் போடலாம். வீடு மாறினாலும் மறுபடி பதிய வேண்டும். வேலை விசாவிலும் குடும்ப விசாவிலும் வருகிறவர்கள் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பாஸ்போர்ட் அந்த அலுவலகத்துக்குப் போய்விடும். அந்த ஒன்றிரண்டு வாரத்தில் எங்கும் டிக்கெட் போடாதீர்கள்.

சரி, சமையலறை. பச்சரிசி என்று நினைத்து நான் முதல் வாரம் வாங்கியது நுவோமி, அதாவது பசை அரிசி. அந்த இட்லியைத் தட்டிலிருந்து பிய்க்கக் கரண்டி போதவில்லை. சாதத்துக்கு நீள அரிசியான சிமியாவ்மி கேளுங்கள், உதிரியாக வரும். உளுந்து, புளி, சாம்பார் பொடியெல்லாம் தாவ்பாவ் என்ற இணையக் கடையில் வாங்கலாம். பாகற்காய், கத்திரிக்காய், கொத்தமல்லிக்குத் தெருமுனைச் சந்தையே போதும். தயிர் பெரும்பாலும் இனிப்பாக இருக்கும், சர்க்கரை சேர்க்காதது என்று பார்த்து எடுங்கள்.

குளிர்காலம்தான் சோதனை. யாங்சே ஆற்றுக்குத் தெற்கே பெய்ஜிங் மாதிரி ஊர் முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுத்தான் உட்கார வேண்டும். மாவு இரண்டு நாள் ஆனாலும் அசையாது. நான் மாவுப் பாத்திரத்துக்கு மின்கம்பளி போர்த்திவிடுகிறேன். ராத்திரி அதைப் பார்த்த என் கணவர், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வோ ச்சி சூ' என்பதை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பீன்ஸ் வறுவலில் கொத்திய பன்றி இறைச்சி வரும். அவர்கள் கணக்கில் அது ருசிக்குப் போடுவது.

குப்பையும் ஒரு பாடம். 2019 ஜூலை முதல் இந்த ஊரில் நான்கு வகையாகப் பிரித்தே போட வேண்டும். எங்கள் குடியிருப்பில் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆயி நிற்பார். ஆயி என்றால் சீனத்தில் சித்தி மாதிரி, நம் ஊர் ஆயா இல்லை. சமையல் கழிவைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பையை வேறு தொட்டியில் போட வேண்டும். துருவிய தேங்காய் ஓட்டை நான் ஈரக் குப்பையில் போட்டபோது அவர் கையுறையோடு அதை வெளியே எடுத்து, என் கண் முன்னால் தரையில் டக்கென்று தட்டிக் காட்டினார். இவ்வளவு கெட்டியான ஓடு அழுகுமா என்று கேட்கிறாராம். மொழி தெரியாமலே புரிந்தது.

இனி சனி, ஞாயிறு. 12306 ரயில் செயலியில் பாஸ்போர்ட்டைப் பதிந்துவிட்டால் அப்புறம் தடையில்லை. ஆறு வயதுக்குக் கீழே, பெரியவர் ஒருவருக்கு ஒரு குழந்தை இலவசம். பதினான்கு வரை குழந்தைக் கட்டணம். பாஸ்போர்ட்டேதான் டிக்கெட். அதை வீட்டில் விட்டுவிட்டு ஹோங்சியாவ் நிலையம் வரை போய்த் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. புறப்படச் சில நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுவார்கள். ரயிலில் கொதிநீர்க் குழாய் இருக்கும். சுற்றிலும் எல்லாரும் கப் நூடுல்ஸ் ஊற வைக்க, நாங்கள் புளியோதரையைப் பிரிப்போம்.

சுசோ அரை மணி நேரம். தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர், ஆனால் முன்பதிவு இல்லாமல் வாரக் கடைசியில் போகாதீர்கள். ஐ. எம். பெய் வடிவமைத்த அருங்காட்சியகமும் அங்கேதான், திங்கள் விடுமுறை. ஹாங்சோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். லிங்யின் கோயிலுக்கு எதிரே 'பறந்து வந்த சிகரம்' என்றொரு குன்று. இந்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் அதைப் பார்த்து, இது எங்கள் நாட்டு மலை, எப்போது இங்கே பறந்து வந்தது என்று கேட்டதாகக் கதை. அக்டோபர் முதல் வாரம் மட்டும் எங்கும் கிளம்பாதீர்கள், தலைகளைத்தான் பார்க்கலாம். நீண்ட விடுமுறைக்கு ஈடாகப் பக்கத்துச் சனியையோ ஞாயிறையோ வேலை நாளாக்கிவிடுவார்கள். அரசு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஃபூஜியான் மாகாணத்துத் துறைமுக ஊரான குவான்சோ (Quanzhou, குவாங்சோ இல்லை) போங்கள். தூரம்தான், ஆனாலும் போங்கள். கையுவான் கோயிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்பக்கம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. எங்கள் மகள் தூணில் செதுக்கிய ஒரு வட்டச் சிற்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நரசிம்மர்!" என்று கத்தினாள். ஆமாம், இரணியன் மடியில் கிடக்கிறான். ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். தூண்கள் அப்படியொரு கோயிலிலிருந்து வந்தவை. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இந்த ஊரில் கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அப்போது சீனாவை ஆண்ட மங்கோலிய அரசரான கானின் உடல்நலத்துக்காக, கானின் ஆணைப்படி, இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது.

திரும்பும் ரயிலில் இதை வாசித்துக் காட்டினேன். என் கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாவம், அவருக்கும் குடும்பப் பெயர் இல்லை."