ஏர் ரைபிளுக்கு ஆடாத ரெஸ்ட்: மணல் பை தைப்பதிலிருந்து ஐந்து பெல்லட் சோதனை வரை

ஓபன் சைட் (லென்ஸ் இல்லாத குறிபார்க்கும் முனைகள்) வைத்த ஏர் ரைபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய அரை மீட்டர் இருக்கும். முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி இருக்கும் குறி அட்டையில் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) 20 மில்லிமீட்டர் விலகி விழும். ஒரு மில்லிமீட்டர் விலக ஒரு மூச்சு போதும். கையில் ஏந்திச் சுடுவது தனிப் பயிற்சி. அதற்கு முன்னால் உங்கள் துப்பாக்கி எங்கே சுடுகிறது, எந்த பெல்லட் அதற்கு ஒத்துவருகிறது, சைட்டை எவ்வளவு திருக வேண்டும் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ரெஸ்ட், அதாவது துப்பாக்கியை அசையாமல் தாங்கும் அமைப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரெஸ்ட் பற்றிக் கிடைக்கும் விவரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், முயன்றாலே குற்றம். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. ‘ஏர்கன்தானே, புறாதானே’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. இது அட்டையைச் சுடுகிறவர்களுக்கான குறிப்பு. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. (.177 அங்குலம்) காலிபரும் (பேரல் துளையின் விட்டம்) 20 ஜூல் சக்தியும் தாண்டாத ஏர்கன்னுக்குத்தான் உரிமம் வேண்டியதில்லை. வாங்கும்போதே பில்லில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வேட்டைக்காரர்களின் ரெஸ்ட் நமக்கு ஏன் சரிப்படாது?

தெற்கு ஆப்பிரிக்காவில் புல் உயரமாக இருப்பதால் படுத்துச் சுட முடியாது. அங்கே ஆள் உயரத்துக்கு மூன்று குச்சிகளை ஒன்றாகக் கட்டி, நின்றபடியே அதன் மேல் ரைபிளை வைக்கிறார்கள். திறந்த வெளியில் படுத்துச் சுடுகிறவர்கள் முன்கட்டையில் பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டுகிறார்கள். இரண்டும் தூக்கிக்கொண்டு நடப்பதற்காக வந்தவை. எடை குறைவு, அதற்கு விலையாக ஆட்டம் அதிகம். மொட்டை மாடியிலோ களத்திலோ உட்கார்ந்து அட்டையைச் சுடுகிறவர் எதையும் தூக்கிக்கொண்டு அலையப் போவதில்லை. அவருக்கு கனம்தான் நல்லது. இரண்டு மணல் பை போதும், செலவு ஒரு டீ-பஜ்ஜிக் கணக்குக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் துப்பாக்கி எந்த ரகம்?

பையைத் தைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியில் ட்ரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் சிலிண்டர் முனையில் காற்றை நெருக்கி நிற்கும்போது துப்பாக்கி மறுபடி முன்னால் இடிக்கிறது. பின்னும் முன்னுமாக இந்த உதறல் நடக்கும்போது பெல்லட் இன்னும் பேரலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே துப்பாக்கியை எது தொடுகிறது, எங்கே தொடுகிறது, எவ்வளவு இறுக்கமாகத் தொடுகிறது என்பதெல்லாம் பெல்லட் விழும் இடத்தை மாற்றும். மேஜை விளிம்பில் நேரடியாக வைத்துச் சுட்டால் துப்பாக்கி துள்ளும். குண்டு பெரும்பாலும் மேலே போகும். துப்பாக்கி கோளாறு என்று நினைத்துச் சைட்டைத் திருகுவார்கள். கையில் எடுத்தால் கீழே போகும். மறுபடி திருகுவார்கள்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி துப்பாக்கியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அதை மணல் பை மேல் நேராக வைக்கலாம்.

படி 2: உட்காரும் இடம்

பிளாஸ்டிக் மேஜை வேண்டாம். முழங்கை பட்டாலே நடுங்கும். கனமான மர மேஜை, 72 முதல் 75 செ.மீ. உயரம், சாதாரண நாற்காலி, இதுவே போதும். மேஜை இல்லையென்றால் சாலிட் பிளாக் கற்களை அதே உயரத்துக்கு இரண்டு தூண் போல அடுக்கி மேலே ஒரு கடப்பா கல்லைப் போடுங்கள். கல் அசையாமல் இருக்க இடையில் சாக்குத் துண்டு வையுங்கள். ஏற்காடு பக்கம் சமதளம் கிடைப்பது அரிது. அங்கே நான்கு கால் மேஜையை விட மூன்று கால் மேஜை நல்லது. மூன்று கால் எந்த மேடு பள்ளத்திலும் ஆடாது. நான்கு கால் சரிவில் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். காம்பவுண்டுச் சுவரில் நேராகச் சுட்டால் பெல்லட் திரும்பி வரும். 30 × 30 செ.மீ. மரப்பெட்டியில் பழைய துணியைக் குறைந்தது 15 செ.மீ. ஆழத்துக்கு இறுக்கித் திணித்து, பின் பலகைக்கு உள்பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து, முன்னால் அட்டையை ஒட்டுங்கள். பெட்டிக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். வழியோ வாசலோ இருக்கக் கூடாது. கண்ணாடி போடாமல் உட்கார வேண்டாம், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் போட வேண்டும். பெல்லட் ஈயம். கை கழுவாமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

படி 3: முன் பை

பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால் பகுதி இதற்கென்றே தைத்தது போல இருக்கும். விரித்து வைத்தால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் வருமாறு வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். உள்ளே நெருக்கமாக நெய்த காட்டன் துணியில் அதே அளவில் இன்னொரு பை. பாலிதீன் கவரை உள்பையாகப் போட்டால் மணல் கசியாது என்பது உண்மை. ஆனால் கவர் வழுக்கும், மணல் ஒரு பக்கமாக ஓடிவிடும்.

எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல் என்பதால் அதன் துகள் முனை முனையாக இருக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு செங்கல் போல இறுகும், தூசியும் அதிகம். ஆற்று மணலின் உருண்டைத் துகள் துப்பாக்கி அழுத்திய இடத்தில் விலகி அந்த வடிவத்திலேயே நிற்கும். கடலை வறுக்கிறவர் வாணலியில் போட்டிருக்கும் மணலைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதம்தான் வேண்டும். சலித்து, இரண்டு முறை கழுவி, காய வைத்துப் போடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மாடியில் ஒரு பகல் போதும். ஏற்காட்டில் அடுப்பில் வாணலி ஏற்றி வறுப்பதே வழி.

கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குதான் நிரப்ப வேண்டும். இந்த அளவுப் பைக்கு சுமார் மூன்று, மூன்றரை கிலோ மணல் பிடிக்கும். முட்ட நிரப்பினால் தலையணை போல உப்பும், மேலே துப்பாக்கி உருளும். பாதி மட்டும் நிரப்பினால் ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். நிரப்பியதும் பையை ஒரு முறை தரையில் தட்டி, நடுவில் உள்ளங்கை விளிம்பால் வெட்டுவது போல அழுத்துங்கள். பள்ளம் விழுந்து, கையை எடுத்த பின்னும் அப்படியே நின்றால் பதம் சரி.

படி 4: பின் பை

இது சிறியது: 15 × 22 செ.மீ. பின்கட்டைக்கு அடியில் வைத்து, இடது கையால் பிசைந்து குறியை மேலே கீழே நகர்த்துவது இதன் வேலை. மணல் போட்டால் பிசைய விரல் வலிக்கும். இளக்கமான தானியம் வேண்டும். சேலத்துக்காரருக்கு முதலில் ஜவ்வரிசிதான் நினைவுக்கு வரும். வேண்டாம். மலைப்பனியில் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும், பூசணம் பிடிக்கும், அதற்குள் எலி வந்துவிடும். கேழ்வரகு நல்லது. சிறியது, உருண்டை, விரலுக்குள் மணல் போலவே ஓடும், ஆண்டுக்கணக்கில் பூச்சி பிடிக்காமல் கிடக்கும். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் ஒரு கிலோ வாங்கினால் முக்கால் கிலோ அளவுக்குப் பைக்குப் போகும், மீதி கூழுக்கு.

படி 5: அமைப்பு

துப்பாக்கியை ஒரு விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ட்ரிகர் கார்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். அங்கே கட்டையில் ஒரு சிறு டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த டேப்தான் தாங்கும் இடத்தில் வர வேண்டும். இரண்டு செ.மீ. முன்னே பின்னே போனாலே குண்டு மேலே கீழே போகும். பேரல் மட்டும் எதன் மேலும் படக்கூடாது. பட்டால் சுடும்போது அது வளைந்து அதிரும் விதமே மாறிவிடும்.

பிசிபி என்றால் டேப் இடத்தைப் பை மேல் நேராக வையுங்கள்.

ஸ்பிரிங் என்றால் பை மேல் உங்கள் இடது புறங்கையை வைத்து, விரித்த உள்ளங்கை மேல் டேப் இடத்தை வையுங்கள். விரலை மடக்கிக் கட்டையைப் பற்றக் கூடாது. தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியில் கை வைத்திருப்பது போல இருந்தால் போதும். தோளில் பட்டும் படாமல், கன்னம் மெல்லத் தொட்டபடி, வலது கையிலும் இறுக்கம் இல்லாமல். உதறல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். இடது கை முன்னால் மாட்டிக்கொண்டதால் பின் பையைப் பிசைய ஆள் இல்லை. முன் பையின் உயரத்தை மாற்றிக் குறியைச் சரிசெய்து, பின் பையைச் சும்மா அடியில் படும்படி விடுங்கள். அதன் மேல் முகப்பவுடர் கொஞ்சம் தூவினால் கட்டை பின்னால் வழுக்கிப் போகும்.

பேரலை மடக்கி பெல்லட் போடும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். நழுவி மூடிக்கொண்டால் விரல் போய்விடும்.

படி 6: சுடாமல் ஒரு சோதனை

ஸ்பிரிங்கை இழுக்காமல், பெல்லட் போடாமல் உட்காருங்கள். (பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுடக் கூடாது. தடுக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராக இடித்து சீல் கெடும்.) 10 மீட்டரில் ஒரு கறுப்புப் புள்ளியைக் குறி பாருங்கள். கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டுத் திறங்கள். குறி புள்ளியிலேயே இருந்தால் உடம்பும் ரெஸ்டும் ஒத்துப்போகின்றன. விலகியிருந்தால் கையால் தள்ளிக் கொண்டுவர வேண்டாம்; நாற்காலியையும் பையையும் நகர்த்துங்கள். கையால் தள்ளிய குறி, ட்ரிகர் விடும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடும்.

குறி மேலும் கீழும் சீராக ஏறி இறங்கினால் அது மூச்சு. சின்னதாகத் துடித்தால் நாடி. மார்பை மேஜை விளிம்பில் சாய்த்திருப்பீர்கள், ஒரு விரற்கடை விலகுங்கள்.

படி 7: ஐந்து பெல்லட்

ஒரே பெல்லட், ஒரே புள்ளி, ஐந்து முறை. நடுவில் சைட்டைத் தொடாதீர்கள். முடிந்ததும் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். ஆரம்பத்தில் 20 மி.மீ.-க்குள் வந்தால் ரெஸ்ட் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்குமேல் அளவை விட வடிவம்தான் பேசும்.

செங்குத்தாக வரிசை விழுந்தால் டேப் இடம் மாறுகிறது, அல்லது மூச்சை ஒவ்வொரு முறை ஒவ்வொரு இடத்தில் நிறுத்துகிறீர்கள். ஐந்தும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினால் முன் பை அமுங்குகிறது. இன்னும் அரைக் கிலோ மணல் போடுங்கள். பக்கவாட்டில் பரவினால் மேஜை ஆட்டம், துப்பாக்கி சாய்வு, அல்லது ட்ரிகரை விரல் நுனிக்குப் பதில் கணுவால் பக்கமாக இழுப்பது. மூன்று ஓரிடம், இரண்டு வேறிடம் என்று இரு கூட்டமாக விழுந்தால் ரெஸ்டைக் குறை சொல்லும் முன் ஸ்டாக் ஸ்க்ரூக்களை (கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள்) பாருங்கள். ஸ்பிரிங் அதிர்வில் அவை தளர்வது சகஜம்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு, அதனால் குண்டு மாறுகிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். 10 மீட்டரில் அது கண்ணுக்கே தெரியாது. சேலத்தில் சரியாக இருந்தது மலையில் மாறினால், மேஜையையும் ஈரம் ஏறி இறுகிய பையையும் பாருங்கள்.

ஐந்து ஓட்டைகளின் கூட்டம் சிறிதான பிறகே சைட்டைத் திருகுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் ரெஸ்டில் வைத்த ஜீரோ (குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த சைட் நிலை) கையில் ஏந்தும்போது சற்று மாறும். அதற்குத் தனியாக ஐந்து பெல்லட் சுட்டு வித்தியாசத்தை அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள்.

மேஜை இல்லாத இடத்தில்

ஒரு மீட்டர் நீள மூங்கில் குச்சி இரண்டு, மேலிருந்து 15 செ.மீ. கீழே பழைய சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டுங்கள். தரையில் உட்கார்ந்து, கவையில் கை வைத்து, கை மேல் துப்பாக்கி. மேலே கீழே ஆட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் குறையும், முன்னே பின்னே சாய்வது நிற்காது. மூன்றாவது குச்சி சேர்த்தால் அதுவும் அடங்கும். முழங்கையை முழங்கால் சில்லின் மேல் வைக்காதீர்கள், எலும்பின் மேல் எலும்பு உருளும். சில்லுக்கு முன்னால் உள்ள சதையில் வையுங்கள்.

வைத்து எடுப்பது

பைகளைத் தரையில் போடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை மணலைக் கொட்டி வறுத்துப் போட வேண்டும். துப்பாக்கியைப் பையின் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம் வேண்டாம். மணலின் ஈரம் ஒரே இரவில் இரும்பில் செம்புள்ளி வைக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் பேரலைத் துடைத்து, ஸ்பிரிங் இழுபடாத நிலையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.