குழந்தையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? நலத்துறை வகைப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தில், நான்கு வயதாகியும் பேச்சு வராத, நடையும் தள்ளாடும் ஒரு குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு அதை 'வளர்ச்சித் தாமதம்' என்று குறித்துக்கொள்ளும். சேலத்தில் சான்றிதழ் வழங்கும் மருத்துவர்கள் குறைபாட்டைச் சதவீதத்தில் அளப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் 'சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை' என்று பதிவு செய்யும். கைவிடப்பட்ட, ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவோ, இக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்கும். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்கிறது; ஒரு துறையின் விடையை இன்னொரு துறையின் விடையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இத்தகைய தவறுகளுள் மிகவும் கேடு விளைவிப்பது, குறைபாடுள்ள குழந்தை என்றாலே 'கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற சட்ட வகைக்குள் வரும் என்று கருதிவிடுவது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உடல் அல்லது மனக் குறைபாட்டுடன், ஆதரிக்க எவரும் இல்லாத நிலையோ, பராமரிக்கத் தகுதியற்ற பெற்றோரோ இருந்து, அதைக் குழு விசாரித்து உறுதி செய்தால்தான் அந்த வகைப்பாடு பொருந்தும். வறுமை வேறு, தகுதியின்மை வேறு. குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கோட்பாடு. தந்தையை இழந்து தாயிடம் வளரும் குழந்தைக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கோர முடியும். 'இல்லத்தில் விட்டுவிடுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்கள் முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. அறிவுசார் குறைபாட்டை 'மனவளர்ச்சி குன்றிய', 'மனநலம் குன்றிய' என்றெல்லாம் நெடுங்காலமாக எழுதி வந்ததால், விண்ணப்பத்தில் 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்று நிரப்பிவிடுகிறோம். அது மனநோயைக் குறிக்கும் தொடர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வரையறுக்கும் 21 குறைபாடுகளில் இவ்விரண்டும் தனித்தனி. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அறிவு வளர்ச்சிக் குறைவை மனநோய் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைக்கிறது. ஒரு சொல் மாறினால் கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும். ஆகவே மருத்துவர் எழுதிய சொல்லை அப்படியே எடுத்தெழுதுவது நல்லது.

சதவீதத்தைத் தேவையின் அளவாகக் கொள்வதும் பிழையே. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட உரிமைகளுக்கான வாசல். தமிழ்நாட்டின் பராமரிப்பு உதவித்தொகையிலோ அறிவுசார் குறைபாட்டுக்கு 40, கடுமையான உடல் பாதிப்புக்கு 75 என்று வாசலே வேறுபடுகிறது. 35 சதவீதம் பெற்ற குழந்தைக்கு எதுவும் கிடையாது என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. தேர்வில் விடைகளை எழுதித் தரும் உதவியாளரைக் கோருவதற்கு 40 சதவீத வரம்பு கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வகுப்பறையில் சிறப்பாசிரியரின் உதவிக்கும் அந்த எண் தடையாகக் கூடாது.

வயதைக் கவனியாமல் விடுவது சிறு பிழைபோல் தோன்றும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று முடிவு கட்டாமல் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்றே எழுதுவார்கள். அந்தச் சான்றும் தற்காலிகமானதே. கற்றல் குறைபாட்டை எட்டு வயதை ஒட்டித்தான் மதிப்பிட முடியும். எனவே சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அன்று, அது செல்லுபடியாகும் தேதியை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரு நாள் கூலியையும் விட்டுக் கீழே இறங்கி வரும் பெற்றோருக்குக் காலாவதியான தாள் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எளிதில் உணர்வதில்லை.

பதினெட்டு வயதானதும் குழந்தைகளுக்கான பட்டியல்கள் முடிந்துவிடுகின்றன. பெற்றோரின் சட்டப்பூர்வக் காப்பாளர் நிலையும் அன்றே முடிவதால், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்காக, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கோரிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.