ஒரே விலையில் இரண்டு மதர்போர்டு: எதை எடுப்பது?

அக்கா மகள் கல்லூரியில் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ப்பதற்காக ஒரு வருடம் காசு பிடித்து வைத்திருந்தாள். போன மாதம் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை நீட்டினாள். திரையில் இரண்டு மதர்போர்டு, அதாவது கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களெல்லாம் மாட்டப்படும் பலகை.

“மாமா, ரெண்டும் பதிமூணாயிரந்தான். நூத்தம்பது ரூவாதான் வித்தியாசம். இது வெள்ளையா நல்லா இருக்குது, இதையே எடுத்துக்கட்டுமா?”

“ஏன் அம்மிணி, சேலையா எடுக்கறே?” என்றேன். முறைத்தாள். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நாங்கள் எப்படிப் பார்த்தோமோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். இதற்கு முன் கம்ப்யூட்டரைக் கழற்றியே பார்க்காதவர்களும் செய்யலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே விலைக்கு விற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் எங்கேயோ கை வைத்து மிச்சம் பிடித்திருப்பார். ஒருவர் சூட்டைத் தணிக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கைத் தாராளமாக வைத்துவிட்டு யுஎஸ்பி போர்ட்டைக் குறைத்திருப்பார். இன்னொருவர் வைஃபை கொடுத்துவிட்டு வேறெங்கோ பிடித்திருப்பார். எங்கே பிடித்திருக்கிறார்கள், அது நமக்கு உறைக்குமா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

படி 1: ப்ராசஸரை முடிவு செய்துவிட்டு வாருங்கள்

மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டைக்கு அளவு கொடுக்க முடியாது. இவள் எடுத்தது ஏஎம்டி ரைசன் 5 7600. இது ஏஎம்5 என்ற சாக்கெட்டில் உட்காரும்; போர்டில் ப்ராசஸர் மாட்டும் இடம்தான் சாக்கெட். 2022-ல் வந்த சாக்கெட் இது. டிடிஆர்5 என்ற தலைமுறை ரேம் மட்டும்தான் ஏற்கும். பின்னால் வந்த ரைசன் 8000, 9000 வரிசைகளும் இதிலேயே உட்காரும் என்பதால் நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டு.

இன்டெல் எடுப்பவர்கள் 12, 13, 14-ம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700 சாக்கெட் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பி760 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் டி4 என்ற எழுத்தைக் கவனிக்காமல் ரேம் வாங்கிவிட்டால் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

படி 2: விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு மேனுவலைத் திறங்கள்

கடைக்காரர் பக்கத்தில் நாலு வரிதான் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயரை ஒரு எழுத்து விடாமல் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் கடைசி எழுத்து மாறினாலே வேறு போர்டு. அங்கே மூன்று விஷயம் கிடைக்கும்: ஸ்பெசிஃபிகேஷன் பக்கம், மேனுவல், எந்தெந்த ப்ராசஸர் ஓடும் என்ற பட்டியல். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு என்று எழுதிக்கொண்டோம். இனி வருவதெல்லாம் அந்த இரண்டு பத்திக்குள் போகும்.

படி 3: சிப்செட் ஒன்றா என்று பாருங்கள்

போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் சிப்தான் சிப்செட். எங்களுக்கு இரண்டுமே பி650. வேலை சுலபம். உங்களுக்கு ஒரு பக்கம் ஏ620, மறுபக்கம் பி650 என்று வந்தால், மற்றவை ஏறக்குறைய சமமாக இருக்கும்போது பி650 பக்கம் சாயலாம். ஏ620-ல் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, இணைப்பு வசதிகளும் குறைவு. புது எண் என்றால் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். பி840 என்பது பி650-க்குப் பிறகு வந்ததுதான், ஆனால் அதன் சிப்செட்டிலிருந்து வரும் பிசிஐஇ (எஸ்எஸ்டியும் கார்டுகளும் பேசும் பாதை) 3.0 வேகம்தான்.

படி 4: மின்சாரப் பகுதி

ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாகச் சதுரக் கட்டிகள் தெரியும். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி அது. விஆர்எம் என்பார்கள். இணையத்தில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான் நடக்கிறது. மின்சாரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு பிரிவும் ஒரு ஃபேஸ்; 12+2+1 ஃபேஸ், 8+2+1 ஃபேஸ் என்று எண்ணைக் காட்டி மயக்குவார்கள். இரண்டு கட்டிகளைச் சேர்த்து ஒரே சிக்னலில் ஓட்டிவிட்டு இரண்டாக எண்ணிச் சொல்வதும் நடக்கும், அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நமக்கு எவ்வளவு தேவை என்பதில் இருந்து தொடங்குங்கள். ரைசன் 5 7600-க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேகத்தில் சாக்கெட் வழியாக 88 வாட் வரை எடுக்கும். 170 வாட் என்று போட்ட பெரிய ரைசன் 9 என்றால் அது 230 வாட். 88 வாட்டுக்கு இந்த விலையில் கிடைக்கும் எந்த பி650 போர்டும் தாங்கும். வெள்ளை போர்டில் ஹீட்சிங்க் மேலேயும் பக்கத்திலும் கனமாக இருந்தது. கறுப்பில் பக்கத்தில் மட்டும், அதுவும் மெலிசாக. நோட்டில் வெள்ளைக்கு ஒரு டிக் போட்டோம். பெரிய ப்ராசஸர் வாங்கப்போகிறவராக இருந்தால் இந்த ஒரு டிக்கோடு நானே வெள்ளையை எடுத்துக் கொடுத்திருப்பேன். இவளுக்கு அது காசு கொடுத்து வாங்கிச் சும்மா வைத்திருக்கும் பலம்.

படி 5: ரேம் ஸ்லாட், எம்.2 ஸ்லாட்

நாலு ரேம் ஸ்லாட் இருந்தால் பின்னால் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். டிடிஆர்5-ல் அது அவ்வளவு எளிதில்லை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேம் போட்டால் 5200, நாலு போட்டால் 3600. அதனால் இரண்டு 16 ஜிபி வாங்கி அதோடு நிறுத்திவிடுவது நல்லது. நாலு ஸ்லாட் போர்டில் அந்த இரண்டையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும். இரண்டு ஸ்லாட் மட்டும் உள்ள போர்டு என்று ஒன்றைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

அடுத்து எம்.2, அதாவது எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் ஸ்லாட். எத்தனை ஸ்லாட் என்று மட்டும் எண்ணினால் போதாது. ஒவ்வொன்றின் எதிரிலும் பிசிஐஇ 4.0 எக்ஸ்4 என்று இருக்கிறதா, இல்லை 3.0 என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது நொடிக்கு 7 ஜிபி அளவுக்குப் படிக்கும், 3.0 எக்ஸ்4 என்றால் மூன்றரை. எங்கள் இரண்டு போர்டிலும் இரண்டிரண்டு ஸ்லாட், எல்லாம் 4.0. இங்கே சமம்.

ஆனால் மேனுவலில் இந்தப் பகுதிக்குக் கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்பு வரும். அதைப் படிக்காமல் போகாதீர்கள். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டினால் ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் இரண்டு அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டிவிட்டு, செத்துப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இதே மாதிரி இன்னொன்று ப்ராசஸர் பக்கத்திலிருந்து வரும். ரைசன் 5 8600ஜி போட்டால் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கு எட்டு பிசிஐஇ பாதைதான் கிடைக்கும், 8500ஜி என்றால் நாலு. போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மாறாது.

படி 6: பின்பக்கத்தைப் படம் வரைந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் புதிதாக வாங்குகிறவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தினமும் கை படுவது இங்கேதான்.

உங்கள் மேஜையில் என்னென்ன மாட்டப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். இவள் எழுதினாள்: கீபோர்டு, மவுஸ், வரையும் டேப்லெட், மைக், பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க், கேமரா கார்டு ரீடர். ஏழு. வெள்ளை போர்டின் பின்னால் யுஎஸ்பி ஆறு. கறுப்பில் எட்டு. அங்கேயே வெள்ளையின் முகம் கொஞ்சம் வாடியது.

எண்ணிக்கை போதாது, வேகமும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி பெயர்களைக் குழப்பி வைத்திருக்கிறார்கள். 3.2 ஜென்1 என்றால் நொடிக்கு 5 ஜிகாபிட், 3.2 ஜென்2 என்றால் 10. 2.0 என்றால் 480 மெகாபிட். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது ஏராளம், வீடியோ ஃபைல் நகர்த்த ஆகாது.

கிராபிக்ஸ் கார்டு பிறகு வாங்கிக்கொள்வதாக இருந்தால் போர்டிலேயே எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் இருக்க வேண்டும், ப்ராசஸருக்குள்ளும் கிராபிக்ஸ் இருக்க வேண்டும். 7600-ல் இருக்கிறது. 7500எஃப் போல எஃப் எழுத்து போட்டவற்றில் இல்லை.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ராசஸரோ ரேமோ மாட்டாமலேயே, எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து, பென்டிரைவிலிருந்து பயாஸை, அதாவது போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளை, புதுப்பிக்கும் வசதி அது. கிடங்கில் பழைய பயாஸோடு கிடந்த பி650 போர்டில் ரைசன் 9000 போட்டால் படம் வராது. அப்போது இந்தப் பொத்தான் இல்லாவிட்டால் வேறொரு பழைய ப்ராசஸரைக் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். எங்கள் இரண்டு போர்டிலும் பொத்தான் இருந்தது.

படி 7: கேபினெட்டோடு ஒத்துப்போகுமா

இது சின்ன வேலை. மைக்ரோ ஏடிஎக்ஸ் 24.4 செ.மீ. சதுரம், முழு ஏடிஎக்ஸ் 30.5-க்கு 24.4. கேபினெட்டின் முன்பக்கம் டைப்-சி ஓட்டை இருந்தால் போர்டில் அதற்கான உள் கனெக்டர் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டைதான். வெள்ளையில் அது இல்லை. ஃபேன் கனெக்டர் எத்தனை என்றும் எண்ணிவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தூசியும் அடிக்கும் எங்கள் ஊரில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று ஃபேன் வைத்து, முன்பக்கம் வலை போட்டுத்தான் நான் சேர்ப்பது.

படி 8: இடி

இது எந்த ஒப்பீட்டு வீடியோவிலும் வராது. கேரளாவில் துலாம் மாதம் (நம் ஐப்பசி) வந்தால் இடி எப்படி இருக்கும் என்று எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனம் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருடா வருடம் சொல்லும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஐப்பசி சாயங்காலம். கம்ப்யூட்டரின் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், மோடத்திலிருந்து வந்த லேன் ஒயரை மறந்துவிட்டேன். ஒரு இடி. மறுநாள் போர்டு ஓடியது, லேன் போர்ட் மட்டும் போய்விட்டது. யுஎஸ்பியில் மாட்டும் ஒரு லேன் அடாப்டரை வைத்துத்தான் அந்த மெஷினின் மிச்ச காலத்தை ஓட்டினேன்.

ஃபைபர் இணைப்புதானே, பயமில்லை என்று சொல்வார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, உண்மை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பெட்டி கரண்ட்டில்தான் ஓடுகிறது, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது செம்பு ஒயர். அதனால் எங்கள் ஊரில் வைஃபை உள்ள போர்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன், ஒயரே வேண்டாம். கறுப்பில் வைஃபை 6-ம் ப்ளூடூத்தும் இருந்தன. வெள்ளையில் இல்லை, தனியாக கார்டு வாங்கினால் இன்னும் ஆயிரத்துக்கு மேல். நூத்தம்பது ரூபாய் வித்தியாசம் அங்கே காணாமல் போனது. இரண்டிலும் இருந்த 2.5 ஜிகாபிட் லேனை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. வீட்டு இணைப்பு 100 மெகாபிட்.

படி 9: வாரண்டியும் கடையும்

எங்களுக்கு வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. பாலக்காட்டுக்குப் போவதும் கோயம்புத்தூருக்குப் போவதும் ஏறக்குறைய ஒன்றுதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் வரி 18 சதவீதமே. ஆகவே சர்வீஸ் சென்டர் எங்கே என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு கம்பெனிக்குக் கோயம்புத்தூரில் இருக்கும், இன்னொன்றுக்குக் கொச்சிதான் பக்கம். கடைக்காரர் வாய்மொழியை நம்பாமல் கம்பெனித் தளத்தில் பின்கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பில்லில் போர்டின் சீரியல் நம்பர் ஏறியிருக்க வேண்டும். பிறகு, கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஏஎம்5-ல் ஊசிகள் ப்ராசஸரில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன, 1718 ஊசி. பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசை பிசகாமல் மினுமினுக்க வேண்டும்; ஓரிடத்தில் ஒளி மாறித் தெரிந்தால் வளைந்த ஊசி. வீட்டுக்கு வந்து பார்த்தால் வளைத்தது நீங்கள்தான் என்பார்கள். நாங்கள் பார்க்கக் கேட்டதும் கடைப் பையன் கொஞ்சம் சலித்துக்கொண்டான், ஆனாலும் காட்டினான். அந்த மூடியைத் தூக்கி எறியாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது சாக்கெட் மேல் அது இருக்க வேண்டும்.

கறுப்பையே எடுத்தோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

படி 10: முதல் தடவை ஆன் செய்யும்போது

ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் மாட்டி முடித்து, பொத்தானை அமுக்கினாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “மாமா, போச்சு!” என்று கத்தி, பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினாள். தடுத்துவிட்டேன். ஏஎம்5 போர்டு முதல் முறை ஓடும்போது டிடிஆர்5 ரேமை அளந்து பார்த்துப் பழக்கப்படுத்திக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும், நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அக்கா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். பாதி டம்ளர் குடித்திருப்போம், திரையில் பயாஸ் வந்தது.