மருந்து கொடுத்த பிறகும் கம்போரோ வருகிறதா? தண்ணீரைப் பாருங்கள்

"சொட்டு மருந்து கொடுத்தோமே, அப்புறமும் குஞ்சு எப்படிச் செத்தது?" ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் கோழி வளர்க்கிறவர்கள் மனம் நொந்து கேட்கும் கேள்வி இது. பல நேரம் கோளாறு மருந்தில் இல்லை, அதைக் கலந்த தண்ணீரில்தான்.

கம்போரோ என்பது கோழிக்கு வரும் ஒரு வைரஸ் நோய். பெரும்பாலும் 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைத் தாக்கும். குஞ்சு சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி உட்காரும், வெள்ளையாகக் கழியும், தன் ஆசனவாயைத் தானே கொத்தும். செத்ததை அறுத்தால் தொடைக்கறியில் ரத்தத் திட்டுகள் தெரியும். ஆசனவாய்க்கு மேலே உள்ள சிறிய பை வீங்கி, மஞ்சளாகக் கோந்து படிந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி விளையும் இடமே அந்தப் பைதான். அது கெட்டுவிட்டால், பிழைத்த குஞ்சுக்கு அடுத்துப் போடும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்ற வேறொரு நோய்) தடுப்பு மருந்தும் சரியாகப் பிடிக்காது.

கம்போரோ தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தால் குஞ்சு குடிக்கும் முன்பே அந்த வைரஸ் செத்துவிடும். போர் தண்ணீர் எடுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் ஆடை நீக்கிய பால் பவுடர் கலந்து, அரை மணி நேரம் விட்டு, பிறகு மருந்தைச் சேருங்கள். தண்ணீர்க் கிண்ணங்களைச் சோப்போ கிருமிநாசினியோ போடாமல் கழுவுங்கள். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் தாகத்தில் விட்டு, பிறகு வையுங்கள். 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். அதுவரை கொட்டகைக்குள் மெல்ல நடந்து, படுத்திருக்கும் நோஞ்சான்களை எழுப்பிவிடுங்கள். அவை குடிக்காமல் போனால் நோய் அங்கேதான் பிடிக்கும். கடையிலிருந்து ஐஸ் இல்லாமல் மருந்தைக் கொண்டுவந்தாலும் அந்த வைரஸ் செத்துவிடும்.

அவசரமும் கெடுதல். தாய் வழியாக வந்த எதிர்ப்பு உடம்பில் நிறைய இருக்கும்போது கொடுத்தால், அதுவே மருந்தை அழித்துவிடும். வழக்கமாக 12 முதல் 14 நாளில் முதல் தவணை, நாலாவது வாரத்தில் அடுத்தது. தாய்க்கோழிக்கு என்ன தடுப்பூசி போட்டார்கள் என்று குஞ்சு விற்பவரிடம் கேட்டு, கால்நடை டாக்டரிடம் சொல்லி நாளைக் குறியுங்கள்.

நோய் வந்தபின் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சாவு மூன்று நான்கு நாள் ஏறி, ஒரு வாரத்தில் தானே அடங்கும். அதை மருந்தின் பலன் என்று நம்பித்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே நொந்திருக்கும். கண்ட மருந்தையும் ஏற்றாமல் வெல்லம் கரைத்த தண்ணீரும், நல்ல காற்றும், தரையில் பரப்ப ஈரமில்லாத உமியும் கொடுங்கள்.

காலியான கொட்டகையில் இந்த வைரஸ் 4 மாதம்கூட உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அசையாது. பழைய உமியின் மேலேயே புது உமியைப் பரப்பிக் குஞ்சு விடாதீர்கள்.

இன்னொன்று. செத்த குஞ்சைத் தயவுசெய்து வாய்க்காலில் வீசாதீர்கள். கீழ்மடையில் யாரோ ஒருவர் அந்தத் தண்ணீரைத்தான் தன் கோழிக்கு வைக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் நம் மண்ணில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும்; மேடான திடலாகப் பார்த்து, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.